பாதியில் நின்ற கையெழுத்து

சேக்காடு, ஆவடி
22.1.1989, ஞாயிறு

பொன்னியின் அப்பாவுக்கு,

கெங்கம்மாள் எழுதுவது. இங்கே நானும் பொன்னியும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று நான் கேட்கலாமா, கூடாதா என்று வக்கீலிடம் விசாரிக்க மறந்துவிட்டேன். இப்போது கேட்டுவிட்டேன், பதில் எழுதுங்கள்.

பூந்தமல்லி கோர்ட்டில் இரண்டு பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு நாலு நாள் ஆகிறது. ஆறு மாதம் பொறுத்து, ஜூலையில் போய் மறுபடி சம்மதம் சொன்னால் விவாகரத்து. அதற்குள் வீடு, பணம், பிள்ளை எல்லாவற்றையும் நாமே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். நாம் பேசினால் என்ன ஆகும் என்பது அன்றைக்கு வக்கீல் ஆபீசில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதனால்தான் பார்த்தசாரதி வக்கீல், "இனிமே நேர்ல வேணாம்மா. ஆளுக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் எழுதுங்க. அதுல அடங்காதது எதுவும் அவசியம் இல்ல" என்றார். சேக்காட்டிலிருந்து அண்ணனூருக்கு சைக்கிளில் அரை மணி நேரம். தபால் இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் நமக்குக் கோபம் ஆறிவிடும் என்று நினைக்கிறார் போல.

ஒத்துக்கொண்டதை ஒருமுறை எழுதிவிடுகிறேன், பிறகு அது இது என்று பேச்சு வரக்கூடாது. சேக்காட்டு வீடு உங்கள் பேரில் இருந்தாலும் இரண்டு பேர் சம்பளத்திலும் கட்டியது. இன்றைய விலைக்கு நாற்பத்தெட்டாயிரம் என்று மதிப்புப் போட்டோம். உங்கள் பாதி இருபத்துநாலாயிரம். அதில் பன்னிரண்டாயிரத்தை நான் கம்பெனி சொசைட்டியில் லோன் போட்டுக் கொடுப்பேன். மீதிப் பன்னிரண்டாயிரம் பொன்னிக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை வளர்ப்புச் செலவில் உங்கள் பங்கு. பணம் கைக்கு வந்ததும் வீட்டை என் பேருக்கு எழுதிக் கொடுப்பீர்கள். வக்கீல் ஃபீஸ் ஆளுக்குப் பாதி.

தெருவில் கேட்கிறார்கள். குடிக்கிறாரா, அடிக்கிறாரா, வேறு பொம்பளையா என்று. எதுவும் இல்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கேட்டவருக்கெல்லாம் ஜாமீன் கையெழுத்துப் போட்டார், அந்தக் கடனையெல்லாம் நாங்கள் பதினாலு வருஷம் கட்டினோம் என்றால், இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்கிறார்கள். கட்டியவளுக்குத்தானே தெரியும். இடம் முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
கெங்கம்மாள்

* * *

அண்ணனூர்
29.1.1989

அன்புள்ள கெங்காவுக்கு,

துலுக்கானம் எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன். அன்புள்ள என்று போடலாமா என்று எனக்கும் தெரியவில்லை. போட்டுவிட்டேன், இன்லேண்டில் அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

நீ எழுதிய எல்லாவற்றுக்கும் சம்மதம். கார்ஷெட்டில் பத்து நாளாக இரவு ஷிப்ட். அண்ணனூர் வந்து இரண்டு வருஷமாக மெஸ் சாப்பாடுதான், இப்போது காலையில் வந்து நானே சமைக்கிறேன். முதல் நாள் ரசத்தில் புளி போட மறந்தேன். மறுநாள் புளி மட்டும்தான் இருந்தது. பொன்னியிடம் சொல், சிரிப்பாள்.

அண்ணன் வந்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே வக்கீலா என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த வக்கீல் உன் பக்கம்தான் என்றும், வீட்டை எழுதிக் கொடுத்த மறுநாள் நீ கோர்ட்டுக்கே வரமாட்டாய் என்றும், நான் வீடும் இல்லாமல் விடுதலையும் இல்லாமல் தெருவில் நிற்பேன் என்றும் சொன்னார். நான் பதில் பேசவில்லை. அவரிடம் நான் பதில் பேசி நீ எப்போது பார்த்திருக்கிறாய்?

அப்பா போன பிறகு என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்துப் படிக்க வைத்தவர் அவர்தான். நான் இன்று ரயில்வேயில் ஃபிட்டராக இருப்பது அவரால்தான். இது உனக்குத் தெரியும், எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நீயும் எத்தனையோ தடவை, "அதுக்கு இன்னும் எத்தினி வட்டி கட்டணும்?" என்று கேட்டிருக்கிறாய். அவருடைய லாரிக்குப் போட்ட ஜாமீனுக்கு இன்னும் மாதம் இருநூற்று நாற்பது ரூபாய் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். நீ தரப்போகும் பன்னிரண்டாயிரம் வந்தால் அதை மொத்தமாகக் கட்டிவிடுவேன். பிறகு என் சம்பளம் முழுசாகக் கைக்கு வரும். பதினாலு வருஷத்தில் அப்படி ஒரு மாதம் வந்ததில்லை.

இப்படிக்கு,
துலுக்கானம்

* * *

சேக்காடு
26.2.1989

பொன்னியின் அப்பாவுக்கு,

நலம். உங்கள் ரசத்தைக் கேட்டுப் பொன்னி சிரித்தாள். பிறகு போய்ச் சமைத்துக் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போகலாம், ஆனால் சமைக்கக் கூடாது, அவர் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவளை அடுப்படியில் விடாதீர்கள், கணக்குப் பாடத்தில் உட்கார வையுங்கள்.

ரேஷன் கார்டில் உங்கள் பேரை நீக்கக் கொடுத்திருந்தேன் அல்லவா, புதுக் கார்டு வந்துவிட்டது. ஆபீசில் இருந்த ஆள், "ஊட்டுக்காரர் இன்னாமா ஆனாரு?" என்று கேட்டான். நல்லா இருக்கார், அண்ணனூர்ல இருக்கார், அவருக்குத் தனிக் கார்டு எழுதிக் குடுங்க என்றேன். அவனுக்கு என்ன எழுதுவது என்று புரியவில்லை. கடைசியில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பேரை எழுதினான். கெங்கம்மாள், வயது 34. வீட்டுக்கு வந்து அதை நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தாலும் உங்களிடம் சொல்கிறேன், வேறு யாரிடம் சொல்வது.

ரயில்வே ஆஸ்பத்திரி கார்டைத் தபாலில் அனுப்புகிறேன். எனக்கு என் கம்பெனி இ.எஸ்.ஐ. கார்டு போதும். பொன்னியின் பேர் மட்டும் உங்கள் கார்டில் இருக்கட்டும்.

உங்கள் அண்ணன் சொன்னதைப் படித்தேன். வீட்டை வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வராமல் இருப்பவளா நான்? போல்ட்டில் மயிரிழை கூடினாலும் தள்ளிவிடுகிற வேலை என்னுடையது. ஒரு பீஸ் கூடத் தப்பாக அனுப்பியதில்லை. இந்த மாதம் முதல் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனுக்கு நான்தான் பொறுப்பு, சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை, கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

இப்படிக்கு,
கெங்கம்மாள்

* * *

அண்ணனூர்
2.4.1989

அன்புள்ள கெங்காவுக்கு,

செக்‌ஷன் பொறுப்பு உனக்கு என்று படித்ததும் கார்ஷெட்டில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். என் சம்சாரத்துக்குப் பிரமோஷன் என்றேன். இன்னும் மூன்றரை மாதம் அப்படிச் சொல்லலாம் அல்லவா?

ஒரு விஷயம் உன்னிடம் மறைக்கக் கூடாது. நேற்று அண்ணன் வந்தார். பழைய வேன் ஒன்று வாங்கப் போகிறாராம். ஃபைனான்சில் ஜாமீன் கேட்கிறார்களாம். கையெழுத்து மட்டும் போதாதாம், சொத்துப் பத்திரமும் வைக்க வேண்டுமாம். சேக்காட்டு வீடு உன் பேருக்கு மாறுவதற்குள் அந்தப் பத்திரத்தைக் கொடு, ஒரே வருஷத்தில் மீட்டுத் தருகிறேன் என்கிறார். பேப்பரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வருகிற ஞாயிறு வந்து வாங்கிக்கொள்வாராம்.

பத்திரம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பேப்பர் மேசைமேல் இருக்கிறது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இப்படிக்கு,
துலுக்கானம்

* * *

சேக்காடு
5.4.1989

பொன்னியின் அப்பாவுக்கு,

இரண்டு நாளில் கோபம் ஆறும் என்று நினைத்தார் வக்கீல். ஆறவில்லை.

'இன்னும் போடவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'இன்னும்' எனக்குப் புதுசு இல்லை. அந்த லாரிக்கும் இப்படித்தான், இன்னும் போடவில்லை, இன்னும் போடவில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றீர்கள். என் அஞ்சு சவரன் சங்கிலி அதில்தான் போனது. பக்கத்துத் தெரு ஆளுக்கு, உங்களோடு ஒரே ஷிப்டில் இருந்தவருக்கு, ஒரே ஒருநாள் ரயிலில் பார்த்தவருக்குக்கூடப் போட்டிருக்கிறீர்கள். பதினாலு வருஷமாக நான் போடாதீர்கள், போடாதீர்கள் என்று கத்தினேன். என் குரலே போய்விட்டது. எனக்கே என் குரல் பிடிக்காமல் போனது. அதற்காகத்தான் பிரிகிறேன், உங்கள்மேல் வெறுப்பில் இல்லை.

ஆகவே இந்தத் தடவை போடாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. வக்கீலிடமும் சொல்ல மாட்டேன். பத்திரத்தைப் பிடுங்க ஆள் அனுப்பவும் மாட்டேன். வீடு போனால் நானும் பொன்னியும் அம்பத்தூரில் ஒரு ரூம் பார்த்துக்கொள்வோம். ஆனால் பொன்னி கேட்பாள், அதற்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன்.

பாதி இடம் காலியாக இருக்கிறது. இருக்கட்டும்.

கெங்கம்மாள்

* * *

அண்ணனூர்
10.4.1989, திங்கள்

அன்புள்ள கெங்காவுக்கு,

இன்லேண்டுக்குள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது என்பதால் இந்தத் தடவை கவர். வக்கீல் மன்னிக்கட்டும். உள்ளே ஒரு பேப்பர் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் இதைப் படி.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நீ போடாதே என்று எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெங்கா விடவில்லை என்று அண்ணனிடம் சொல்லியிருப்பேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் செய்தேன். உன்னைக் கெட்டவளாக்கிவிட்டு நான் நல்லவனாக இருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும்.

நேற்று அண்ணன் வந்தார். பேப்பரை எடுத்து முன்னால் வைத்து, பேனாவையும் கையில் கொடுத்தார். கை அதுபாட்டுக்குப் போகிறது, கெங்கா. பழகிப்போன கை. 'துலுக்' என்று எழுதிவிட்டேன். அப்போதுதான் பொன்னி கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. பேனாவை எடுத்துவிட்டேன்.

"இன்னாடா நிறுத்திட்ட? மை தீந்துபோச்சா?" என்றார்.

"முடியாது அண்ணே" என்றேன்.

அவர் முதலில் சிரித்தார். அந்த வார்த்தையை என் வாயில் கேட்டதே இல்லை அல்லவா. பிறகு முகம் மாறியது. "பொண்டாட்டியத்தான் உட்டுட்ட, அண்ணனையும் உடப் போறியா?" என்று கேட்டார்.

"உடல அண்ணே. நீ படிக்க வெச்சத நான் சாவுற வரிக்கும் மறக்க மாட்டேன். வேன் ரிப்பேருன்னா சொல்லு, ராத்திரி முழுக்க வந்து பாத்துக் குடுக்கறேன். கையெழுத்து மட்டும் போட மாட்டேன். உனுக்கும் இல்ல, இனிமே யாருக்கும் இல்ல."

சாப்பாட்டு நேரம் வரை அண்ணன் எழுந்திருக்கவில்லை. நான் வைத்த ரசத்தை ஊற்றிச் சாப்பாடு போட்டேன். சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது பேப்பரை எடுக்காமலே போய்விட்டார். திரும்ப வருவாரா தெரியாது. அவர் போன பிறகு அழுதேன். ஆனால் நான் பயந்த மாதிரி எதுவும் இடிந்து விழவில்லை.

பத்திரத்தை இன்று காலை பூந்தமல்லிக்குப் போய் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கியிருக்கிறேன். பாதியில் நிறுத்திய அந்தப் பேப்பரைத்தான் உனக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
துலுக்கானம்

* * *

சேக்காடு
16.4.1989

அன்புள்ள பொன்னியின் அப்பாவுக்கு,

கவர் வந்தது. பேப்பரைப் பார்த்தேன். 'துலுக்' என்று எழுதி, அந்த 'க்'குக்குப் பிறகு பேனா இழுத்துக்கொண்டு போன ஒரு கோடும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடியில் நின்று அழுதேன். குடம் நிரம்பி வழிவதைப் பார்த்து, என் பின்னால் நின்றவள் திட்டினாள். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு இருந்த சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மறுநாள் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிற அஷ்ரஃபுன்னிசாவிடம் சொன்னேன். "எங்க ஊட்டுக்காரரு அண்ணன்கிட்ட முடியாதுன்னுட்டாரு" என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "விட்டுப் பிரியப் போறவரைப் பத்தி இவ்ளோ பெருமையா பேசறவள நான் பாத்ததே இல்ல" என்றாள். நானும்தான் பார்த்ததில்லை.

என்னைக் கெட்டவளாக்கினேன் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு ஒரு வார்த்தை. உங்கள் அண்ணன் முகத்தில் விழிக்கும்போதெல்லாம் எனக்கு அது தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன். அதை நீங்களாகவே எழுதியது எனக்குப் போதும். அதை இனிமேல் பேச வேண்டாம்.

பொன்னிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. கணக்கில் நன்றாக எழுதியிருக்கிறாளாம். அவள் வாய் அப்படித்தான், மார்க் வரட்டும்.

அன்புடன்,
கெங்கம்மாள்

* * *

அண்ணனூர்
11.6.1989

அன்புள்ள கெங்காவுக்கு,

நலம். பொன்னி இங்கே வந்தால் பேசிக்கொண்டே இருக்கிறாள், போன பிறகு ரூம் பெரிதாகிவிடுகிறது.

உன் சொசைட்டி லோன் நின்றுபோயிருக்கிறது என்று அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஒருவராவது கவர்மென்ட் சம்பளக்காரராக இருந்தால் உடனே கொடுப்பார்களாமே. நீ என்னிடம் கேட்கவில்லை. கேட்க மாட்டாய் என்றும் தெரியும். ஃபாரத்தை அனுப்பு, நான் போடுகிறேன். எத்தனையோ பேருக்குப் போட்ட கை, உனக்குப் போடாமல் இருந்தால் என்ன நியாயம்?

வக்கீலைப் போன வாரம் பார்த்தேன். ஜூலை 21 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். அவர் ஒன்று சொன்னார். அந்தத் தேதிக்கு முன்னால் இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மனுவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம். எனக்கு ஆசை இருக்கிறது, கெங்கா. நேராகச் சொல்லிவிடுகிறேன். அண்ணனிடமே முடியாது என்று சொல்லிவிட்டேன், உன்னிடம் இதைச் சொல்ல என்ன பயம். ஆனால் நீ எது சொன்னாலும் நான் 21-ஆம் தேதி வந்து நிற்பேன், வாக்கு மாற மாட்டேன்.

அன்புடன்,
துலுக்கானம்

* * *

சேக்காடு
18.6.1989

அன்புள்ள பொன்னியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் எழுதவில்லை. பதில் தெரியாமல் இல்லை. உங்களுக்கு வலிக்காமல் எழுத வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை, அப்படியே எழுதுகிறேன்.

திரும்ப வேண்டாம். நீங்கள் மாறியதை நான் நம்புகிறேன், சத்தியமாக நம்புகிறேன். ஆனால் நான் மாறவில்லை. நீங்கள் திரும்பி வந்தால் தினமும் சாயங்காலம் உங்கள் சட்டைப் பையைப் பார்ப்பேன், இன்று யாருடைய பேப்பர் என்று. உங்கள் மேல் தப்பு இல்லாதபோதும் பார்ப்பேன். இந்த இரண்டு வருஷமாகத்தான் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். அந்தத் தூக்கத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஜாமீன் விஷயம். நீங்கள் போட வேண்டாம். உங்கள் அண்ணனிடம் இனிமேல் யாருக்கும் இல்லை என்று சொன்னீர்கள். யாருக்கும் என்றால் எனக்கும்தான். எனக்காக ஒரு தடவை தளர்ந்தால், நாளைக்கு அவர் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? உங்கள் வாக்கை மீறுகிற முதல் கையெழுத்தை எனக்கே போட வைத்து, அதை நான் கெடுக்க வேண்டுமா? மாட்டேன்.

லோனுக்கு வழி கிடைத்துவிட்டது. அஷ்ரஃபுன்னிசாவும் என் செக்‌ஷன் ராஜம்மாவும் போடுகிறார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே வந்தார்கள். ராஜம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல் வைத்தாள். நான் இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு பீஸ் தள்ளாதவள் என்று சொசைட்டியில் அவள்தான் சண்டை போட்டாளாம். நான் தள்ளாதவள் இல்லை, தப்பைத் தள்ளுகிறவள் என்று சொல்லியும் அவளுக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் பணம் வரும். மாதம் முந்நூறு ரூபாய் பிடிப்பார்கள், என் சம்பளம் தாங்கும். ஜூலை முதல் வாரம் ஆவடி ரிஜிஸ்டர் ஆபீசில் பார்ப்போம்.

அன்புடன்,
கெங்கம்மாள்

* * *

சேக்காடு
30.7.1989, ஞாயிறு

அன்புள்ள துலுக்கானம் அவர்களுக்கு,

கெங்கம்மாள் எழுதுவது. உங்கள் பேரை இதற்கு முன் நான் எழுதியதே இல்லை. பேர் சொல்லக் கூடாது என்று பதினாலு வருஷம் இருந்துவிட்டு இப்போது எழுதும்போது விரல் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு எழுதிவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது.

21-ஆம் தேதி கோர்ட்டில் ஜட்ஜ், சொத்துத் தகராறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இல்லை என்றோம். பணம் கொடுத்தாயிற்றா, வீடு எழுதியாயிற்றா, பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பேப்பரை எடுத்து வைத்தீர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம் இருவரையும் பார்த்தார். இப்படி முடித்துக்கொண்டு வருகிறவர்கள் குறைவு என்று சொன்னார். அப்போது நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கவனிக்கவில்லை.

வெளியே வந்து டீக்கடையில் நின்று டீ குடித்தோமே, நாம் சண்டை போடாமல் நேரில் பேசியது எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். உங்கள் டீக்கு நான் காசு கொடுத்தபோது நீங்கள் தடுக்கவில்லை. அதையும் கவனித்தேன். லாரிக் கடனைக் கட்டி முடித்துவிட்டீர்கள், இந்த மாதம் சம்பளம் முழுசாக வருமாமே, பொன்னி சொன்னாள். அதில் உங்களுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்குங்கள். உங்கள் அண்ணன் போன வாரம் வந்து ரசம் கேட்டார் என்றும் சொன்னாள். கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

உங்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பெண்டாட்டியாக இருந்தபோது இதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவில்லை, இப்போது வந்திருக்கிறது, சொல்கிறேன். எனக்கு என்னை நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது. தெருவில் ஒருத்தி, "கோர்ட்டுக்குப் போய் வந்தவ மாதிரியா இருக்குது மூஞ்சி" என்று கேட்டாள். போய் வந்தவள்தான் என்றேன்.

வீட்டுப் பத்திரத்தை ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். அதற்குள்ளேதான் அந்தப் பேப்பரும் இருக்கிறது, 'துலுக்' என்று எழுதியது. இந்த வீட்டை எனக்குக் கொடுத்தது ரிஜிஸ்டர் ஆபீஸ் முத்திரை இல்லை, அதுதான். பொன்னி பெரியவளானதும் காட்டுவேன்.

கடைசியாக ஒரு வேலை. பொன்னியின் ஜூலை மாத ரிப்போர்ட் வந்திருக்கிறது. கணக்கில் தொண்ணூற்றொன்று. கீழே தகப்பனார் கையெழுத்து என்று ஒரு கோடு போட்டிருக்கிறது. டீச்சர், விஷயம் தெரிந்தவர், நீங்களே போட்டுவிடுங்கம்மா என்றார். நான் போடவில்லை. அது என்னுடைய இடம் இல்லை. வருகிற ஞாயிறு அவள் கொண்டுவருவாள். மார்க்கை ஒருமுறை நன்றாகப் பாருங்கள், பிறகு போடுங்கள்.

இதில் மட்டும் பாதியில் நிறுத்த வேண்டாம். முழுப் பேரையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கெங்கம்மாள்